குருநகர் ஐஸ் அறையும் பொய் சொல்லாத பூட்டும்

அத்தியாயம் ஆறு

“கடவுள் படைத்தவற்றில் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதது கைரேகை. மனிதன் படைத்தவற்றில் அந்தப் பெருமைக்கு உரியது எங்கள் பூட்டு. கடல் வற்றலாம். சூரியன் மேற்கே உதிக்கலாம். இந்தப் பூட்டு மட்டும் பொய் சொல்லாது.”

இப்படி முழங்கிய கேதீஸ்வரனின் கழுத்துப்பட்டியில் ஒரு மீன்செதில் ஒட்டியிருந்தது. அவர் கையை வீசும்போதெல்லாம் அது மினுங்கியது. யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஏதாவது சர்வதேச விருது என்று விளக்கியிருப்பார்.

குருநகர் விடிவெள்ளி மீன்பிடிச் சங்கத்தின் கந்தோர் அது. சனிக்கிழமை, காலை பத்தரை மணி. தலைக்கு மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளில் ஒன்றை உப்புக்காற்று தின்று முடித்திருந்தது. மிச்சம் இரண்டும் தங்களால் ஆனதைச் செய்தன.

கேதீஸ்வரன் பன்னிரண்டு வருடம் கனடாவில் இருந்துவிட்டு வந்து ‘காப்பரண் டெக்னொலொஜீஸ்’ என்ற பெயரில் பூட்டு விற்பவர். பூட்டுக்காரர் என்றால் அவருக்குப் பிடிக்காது. ‘நம்பகத்தன்மைக் கட்டமைப்பாளர்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில் சங்கத் தலைவர் சூசைதாசன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட். மரண உதவிச் சங்கம், பெருநாள் குழு, விளையாட்டுக் கழகம் எல்லாவற்றுக்கும் அவரே தலைவர். குருநகரில் எந்த மேடையிலும் நடுக்கதிரை காலியாக இருந்ததை யாரும் கண்டதில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்தான்.

மேசைக்கு இந்தப் பக்கம் துப்பறிவாளர் அருளம்பலம். நெல்லியடியில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் பலகை தொங்கவிட்டிருப்பவர். அதற்கு முன்னர் முப்பது வருடம் தபால் கந்தோரில், விலாசம் பிழைத்த கடிதங்களுக்குச் சொந்தக்காரரைத் தேடியவர். “அப்ப கடிதம், இப்ப குற்றம். ரெண்டுக்கும் சரியான விலாசம் வேணும்” என்பது அவருடைய கொள்கை. தபால் கந்தோரில் அவர் கண்டுபிடித்த விலாசங்களில் பாதி பிழை என்பதை அவர் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கு ஆரணி இருந்தாள்.

ஆரணி அவருடைய உதவியாளர். அவர் பின்னால் ஏறிவரும் மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரியும் அவள்தான். ஒன்பது வருடம் போன் திருத்தும் கடையில் இருந்தவள். கடலில் விழுந்த ஜெசிதாவின் போனை ஒருமுறை உயிர்ப்பித்துக் கொடுத்தவள் என்பதால், நேற்றிரவு ஜெசிதா அழுதுகொண்டு எடுத்த தொலைபேசி அழைப்பும் அவளுக்கே வந்தது.

“விசயம் சின்னது, ஐயா,” என்றார் சூசைதாசன். “எங்கடை ஐஸ் அறையிலை ஒரு பெட்டி விளைமீன். பன்னிரண்டு நாளுக்குள்ளை அந்தப் பெட்டி வெறும் பெட்டி. அறைக்கு ரெண்டே ரெண்டு சாவி. ஒண்டு களஞ்சியப் பொறுப்பாளர் ஜெசிதாவிட்டை. மற்றது என்னட்டை.”

அவர் லாச்சியைத் திறந்து தன் சாவியைக் காட்டினார். வாங்கிய நாளில் வந்த பொலித்தீன் உறை இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது.

“பாவிக்கேல்லையோ?” என்றாள் ஆரணி.

“பாவிச்சால் பழசாப் போயிடும்.”

“பூட்டின்ரை பதிவிலை பன்னிரண்டு நாளும் மத்தியானத்திலை ஜெசிதாவின்ரை சாவி,” என்றார் கேதீஸ்வரன். “ஒரு நாள் தவறாமல்.”

“அந்த நேரம் தான் இறங்குதுறையிலை மீன் நிறுத்துக்கொண்டு நிண்டனான் எண்டு அவ சொல்லுறா. ஐம்பது பேர் பாத்தவையாம்,” என்றாள் ஆரணி.

“ஐம்பது பேர் பொய் சொல்லலாம், தங்கச்சி. சிப் சொல்லாது.”

“இண்டைக்கு மூண்டு மணிக்கு நிர்வாகசபை கூடுது,” என்றார் சூசைதாசன், மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில். “பதினெட்டு வருசமா வேலை செய்த பிள்ளை. எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் நீதி எண்டு ஒண்டு இருக்குதல்லோ? நிப்பாட்டித்தான் ஆகவேணும். நாளைக்கு மாதா கோவில் வாசலிலை அறிவித்தலும் ஒட்டவேணும்.”

வேலை போவது ஒன்று. குருநகரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வரும் சனம் முழுவதும் ஒரு பெயரைக் கள்ளி என்று வாசித்துவிட்டுப் போவது வேறொன்று. அதற்குப் பிறகு வேறு ஊருக்குத்தான் போகவேண்டும்.

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். “இந்தப் பூட்டு என்னத்தைப் பாத்து ஆளை அடையாளம் பிடிக்குது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ.”

கேதீஸ்வரன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல எழுந்து நின்றார். “ஒவ்வொரு சாவிக்குள்ளையும் ஒரு மெமரி சிப், சேர். அதுக்குள்ளை ஆயிரக்கணக்கிலை நுண்ணிய அறைகள். கறண்ட் குடுத்த முதல் கணத்திலை ஒவ்வொரு அறையும் தன்ரை பாட்டிலை ஒண்டு அல்லது பூச்சியம் எண்டு விழும். எது எப்பிடி விழும் எண்டது அந்தச் சிப் பிறக்கேக்கையே அமைஞ்ச குணம். செய்த தொழிற்சாலையே தலைகீழா நிண்டாலும் அதே மாதிரி இன்னொண்டு செய்யேலாது. அதுதான் அதின்ரை கைரேகை.”

அருளம்பலம் ஆழமாகத் தலையாட்டினார். விளங்காத நேரங்களில் மட்டும் அவர் அவ்வளவு ஆழமாக ஆட்டுவார்.

“அண்ணை, பள்ளிக்கூட விடுதியிலை விடியக்காலமை லைற்றைப் போட்டால் என்ன நடக்கும்?” என்றாள் ஆரணி. “சிலது சட்டெண்டு எழும்பி நிக்கும். சிலது போர்வையை இழுத்து மூடும். நாளைக்குப் போட்டாலும் அதே ஆக்கள்தான் எழும்புவினம், அதே ஆக்கள்தான் மூடுவினம். எந்தக் கட்டில் எழும்பினது எண்ட பட்டியலைப் பாத்தே இது எந்த விடுதி எண்டு சொல்லலாம்.”

“அதைத்தான் நானும் நினைச்சன்,” என்றார் அருளம்பலம்.

“ஒவ்வொரு நாளும் அச்சொட்டா அதே கட்டிலோ?” என்று ஆரணி கேதீஸ்வரனைக் கேட்டாள்.

“வெக்கைக்கும் குளிருக்கும் கொஞ்சம் மாறும். அதுக்கு நாங்கள் இடம் விட்டிருக்கிறம். நூற்றுக்கு எண்பது பொருந்தினால் கதவு திறக்கும்.”

“அப்ப நூற்றுக்கு இருபது பொய் சொல்லலாம்.”

“அது பொய் இல்லை. சகிப்புத்தன்மை.”

“எங்கடை மாமியும் தன்ரை கதைகளுக்கு அப்பிடித்தான் பேர் வைச்சிருக்கிறா,” என்றாள் ஆரணி. பூட்டின் பதிவு அச்சிட்ட தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

ஐஸ் அறையின் கதவு தலைவரின் கந்தோருக்கு அடுத்த சுவரிலேயே இருந்தது. கதவில் ஒரு துவாரமும் சின்னத் திரையும். துவாரத்தில் சாவியைச் செருகினால் பூட்டு அந்தச் சாவிக்குக் கறண்ட் கொடுத்து எழுப்பி, அது எழும்பும் விதத்தைப் படித்து, பெயரைத் திரையில் காட்டும்.

ஜெசிதா கதவடியில் காத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

“நான் கள்ளியெண்டால் விளைமீனையே எடுப்பன், தங்கச்சி? அதுக்குப் பக்கத்திலை ஏற்றுமதிக்கு வைச்ச சிங்க இறால் கிடக்குது. ஒண்டைக் கூடத் தொடேல்லை. பதினெட்டு வருசம் களஞ்சியம் பாத்தவளுக்கு எதைக் களவெடுக்கிறதெண்டு கூடவோ தெரியாது?”

குற்றம் சுமத்தப்பட்டவர்கள் பொதுவாக நேர்மைக்குத்தான் வாதாடுவார்கள். இவள் திறமைக்கு வாதாடினாள்.

“ஒரு நாளைக்கு எத்தினை போனது?” என்று கேட்டாள் ஆரணி.

“நேற்றுத்தான் கணக்குப் போட்டுப் பாத்தனான். ஒண்டே ஒண்டு.”

“விக்கிறவன் பெட்டியோடை தூக்குவான், அண்ணை. நாளுக்கு ஒண்டு எண்டால் அது சந்தைக்குப் போற மீன் இல்லை. சட்டிக்குப் போற மீன்.”

அருளம்பலத்துக்கு இது காதில் விழவில்லை. அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஜெசிதாவின் சாவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மணந்து பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“இது உள்ளாள் வேலை,” என்றார் கடைசியில். “ஆரோ இந்தச் சாவியைப் பிரதி எடுத்திருக்கினம். மெழுகிலை பதிச்சு.”

“அண்ணை, அது சிப். பெட்டகச் சாவி இல்லை.”

“மெழுகு எதிலையும் பதியும், பிள்ளை.”

ஆரணி தாள்களை ஐஸ் அறைக் கதவில் வைத்து விரல் ஓட்டினாள். அருளம்பலமும் எட்டிப் பார்த்தார். ஜெசிதாவின் பெயர் வரிசையாக இருந்தது. 8.47. 9.13. 10.31. அடுத்த நாள் 8.22. 9.50. 11.38. நாளுக்கு நாள் நேரம் சிதறிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் ஒரு வரி மட்டும்: 12.02. மறுநாளும் 12.02. அதற்கு மறுநாளும் 12.02.

“நேரம் தவறாத குற்றவாளி,” என்றார் அருளம்பலம் தாழ்ந்த குரலில். “உப்பிடியான ஆக்கள்தான் ஆபத்தானவை.”

“யாழ்ப்பாணத்திலை நேரம் தவறாத மனிசரை எங்கை கண்டனீங்கள்? முகூர்த்தம் குறிச்சுக் குடுத்த ஐயரே முகூர்த்தத்துக்குப் பிந்தித்தான் வாறவர். ஜெசிதாக்கா காலமையிலை எட்டு இருபத்திரண்டுக்கும் வாறா, எட்டு நாப்பத்தேழுக்கும் வாறா. அது மனிசர் வாற விதம். இந்தப் பன்னிரண்டு ரெண்டுக்கு வாறது மனிசர் இல்லை.”

“பேயோ?”

“பேய் இன்னும் பிந்தும்.”

விரல் ஓரிடத்தில் நின்றது. பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு நாள் மட்டும் வேறுபட்டது. அன்று காலையில் ஒரு பதிவும் இல்லை. தனியே ஒரே வரி: 12.19.

“அக்கா, உது எந்த நாள்?”

ஜெசிதா திகதியைப் பார்த்தாள். “ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையிலை நான் வேலைக்கே வாறேல்லை. அண்டைக்குக் கோவிலிலை பாட்டுக் குழுவோடை நிண்டனான். அதையும் சொன்னனான். கோவில் சனம் முழுக்கச் சொந்தக்காரர், சாட்சி செல்லாது எண்டிட்டார் அந்தப் பூட்டுக்காரர்.”

“அண்டைக்கு மட்டும் என்னத்துக்குப் பதினேழு நிமிசம் பிந்தினது? வேறை ஏதும் பிந்தினதோ, அக்கா? எதெண்டாலும் சொல்லுங்கோ.”

“பிரசங்கம்தான் பிந்தினது. வெளியூர்ப் பாதர் ஒராள் வந்தவர். பொறுமையைப் பற்றிப் பிரசங்கம். முடிய விடுறாரில்லை. பன்னிரண்டு மணி அடிக்கிறதுக்கு கோவிலைப் பாக்கிற எங்கடை சங்கிலித்தாம் கயித்தைப் பிடிச்சபடி காவல் நிண்டவர். பூசை நடக்கேக்கை அடிக்கக்கூடாதல்லோ. பூசை முடிய பன்னிரண்டே காலுக்கு மேலைதான் மணி அடிச்சவர்.”

ஆரணி அருளம்பலத்தைப் பார்த்தாள். அருளம்பலம் ஆரணியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது போல இருந்தது. உண்மையில் ஒருவருக்குத்தான் விளங்கியிருந்தது.

“கள்ளன் மணிக்கூட்டைப் பாத்து வாறேல்லை, அண்ணை. கோவில் மணியைக் கேட்டு வாறான். அக்கா, இந்த வளவிலை மணி அடிச்ச உடனை ஏதாவது செய்யிற ஆள் ஆர்?”

“மெசின் பாக்கிற பிலிப்பு அண்ணை. செபம் சொல்லுவார்.”

*

ஐஸ் மெசின் அறை கட்டடத்தின் பின்பக்கம். மெசின் போட்ட சத்தத்தில் பிலிப்பு சொன்ன முதல் மூன்று வாக்கியங்களும் காணாமல் போயின. அறுபது வயது தாண்டியவர். கழுத்தில் செபமாலை, கையில் எண்ணெய்த்துணி.

“ஓம், மணி அடிச்சால் மெயினை நிப்பாட்டுவன்!” என்று கத்தினார். “இது கத்துற கத்திலை மாதாவுக்கு என்ரை சத்தம் கேக்குமே? நிப்பாட்டிப்போட்டு மூண்டு அருள் நிறைஞ்ச மரியே. பிறகு மகளின்ரை விசாவுக்கு ஒண்டு. பிறகு மெசினைத் திரும்பப் போடுவன். ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிசத்திலை ஐஸ் உருகாது.”

“மெயினை நிப்பாட்டினால் பூட்டும் நிக்குமோ?” என்று ஆரணியும் கத்தினாள்.

“நிக்கும்! பூட்டுக்கு வேறை வயர் இழுக்கச் சொன்னவை. மெசின் வயர் பக்கத்திலை போகேக்கை ஏன் வீணா இழுப்பான்?”

“பூட்டின்ரை மூளைப் பெட்டி எங்கை? கதவிலை துவாரமும் திரையும்தானே கிடக்குது?”

பிலிப்பு பெருமையோடு சிரித்தார். “பெட்டியை வெளியிலை வைச்சால் உப்புக்காத்து விடுமே, பிள்ளை? தலைவற்றை வீட்டிலை டிவி மூண்டு மாசத்திலை துருப்பிடிச்சுப் போச்சு. தலைவர்தான் யோசினை சொன்னவர். உப்புக்காத்துப் போகாத இடம் குருநகரிலை ஒண்டே ஒண்டுதான். ஐஸ் அறை. மூண்டு பொலித்தீன் சுத்தி உள்ளை ஐஸ் கட்டிக்கு மேலை பத்திரமா வைச்சிருக்கிறம்.”

ஆரணி நெற்றியில் கையை வைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மெசின் சத்தத்தில் அவள் சிரிப்பது கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

வெளியே வந்ததும் அருளம்பலம் மெதுவாகக் கேட்டார். “நான் கண்டுபிடிச்சது என்னெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்.”

“கேளுங்கோ அண்ணை. ஜெசிதாக்கா சாவியைச் செருகின உடனை மூளைப் பெட்டி அந்தச் சாவியின்ரை கைரேகையைத் தன்ரை மெமரியிலை எழுதி வைச்சுத்தான் ஒப்பிட்டுப் பாக்கும். பாத்து முடிய அதைத் துடைச்சுப் போடவேணும். துடைக்கேல்லை. கறண்ட் போகத் தானா அழியும்தானே எண்டு விட்டிட்டினம்.”

“அழியாதோ?”

“வெக்கைக்கை உடனை அழியும். விடுதியிலை லைற்றை நூத்தால் பெடியள் சட்டெண்டு நித்திரை. ஆனால் நடுக்கிற குளிருக்கை ஆருக்கு நித்திரை வரும்? லைற்றை நூத்து ரெண்டு நிமிசத்திலை திரும்பப் போட்டால் முந்தி நிண்டவங்கள் அப்பிடியே நிப்பாங்கள். ஒண்டு ரெண்டு பேர் சரிஞ்சிருப்பாங்கள். அதுக்குத்தான் சகிப்புத்தன்மை இருக்குதே, நூற்றுக்கு எண்பது காணும். பிலிப்பு அண்ணை மெசினைப் போட, பூட்டு எழும்பிப் பாக்குது. மெமரியிலை ஜெசிதாக்கான்ரை கைரேகை. ‘ஓ, ஜெசிதா வந்து நிக்கிறா’ எண்டு கதவைத் திறந்து பதிவிலையும் எழுதுது.”

அருளம்பலம் தலையாட்டினார். இந்தமுறை அவ்வளவு ஆழமாக இல்லை.

“உந்தப் பூட்டைச் செய்தவன் வெக்கையான ஊர்க்காரனாத்தான் இருப்பான்,” என்றார். அன்றைக்கு அவர் சொன்னவற்றில் உருப்படியானது அதுதான்.

“கதவு திறக்கிறது தெரிஞ்சுபோச்சு. ஆனால் மீன் தானா நடந்து போகாதே,” என்றாள் ஆரணி. “மணி முடிய அந்தக் கதவுக்குக் கிட்ட நிக்கிற ஆள் ஆர்?”

*

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எல்லோரும் ஐஸ் அறைக் கதவின் முன்னே நின்றார்கள். அருளம்பலம் ஜெசிதாவின் சாவியை வாங்கி, அவள் கண் முன்னாலேயே கடித உறைக்குள் போட்டு, ஒட்டி, பழக்கதோசத்தில் மேலே முத்திரை ஒட்டும் மூலையைத் தடவிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்தார். காலையிலிருந்து வழக்கம்போல ஜெசிதா ஐந்தாறு தடவை கதவைத் திறந்து மூடியிருந்தாள். இப்போது அவளைப் பதினைந்து அடி தள்ளி நிறுத்தி, இரண்டு கையிலும் ஒரு பெரிய வெறும் மீன்பெட்டியைப் பிடித்திருக்கச் சொன்னார்.

“இது என்ன நாடகம்?” என்றார் கேதீஸ்வரன்.

“சேர், உங்கடை பூட்டுக்கு ஒரு பரீட்சை,” என்றாள் ஆரணி. “ஒண்டும் படிச்சுக்கொண்டு வரத் தேவையில்லை.”

கோவில் மணி அடித்தது.

சூசைதாசன் நிமிர்ந்து, கண்ணை மூடி, சிலுவை போட்டார். ஜெசிதா மீன்பெட்டியோடு தலை குனிந்தாள். சைவக்காரரான கேதீஸ்வரன் எதற்கும் இருக்கட்டும் என்று சப்பாத்தைக் கழற்றினார். பின்பக்கம் மெசின் இருமி, முனகி, நின்றது. திரை கறுத்தது. குருநகர் முழுவதும் திடீரென்று மௌனமானது போல இருந்தது. காகம் ஒன்று மட்டும் எந்த மதத்தையும் மதிக்காமல் கத்தியது.

பிலிப்புவின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து இப்போது தெளிவாகக் கேட்டது. மூன்று அருள் நிறைந்த மரியே. பிறகு மகளின் விசா. கனடா என்றவர், மாதாவுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக விண்ணப்ப இலக்கத்தையும் சொன்னார். பிறகு ஆமென்.

மெசின் உறுமியது. திரை வெளித்தது.

டிக்.

*நல்வரவு, ஜெசிதா.*

ஜெசிதா பதினைந்து அடிக்கு அப்பால் மீன்பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். சாவி அருளம்பலத்தின் பையில், ஒட்டிய உறைக்குள். எல்லோரும் திரையையே பார்த்தார்கள். கேதீஸ்வரன் குனிந்து திரையைத் தட்டிப் பார்த்தார். கழுத்துப்பட்டியிலிருந்த செதில் உதிர்ந்து விழுந்தது.

“இது…” என்றார். “இது ஒரு மேலதிக வசதி. வாடிக்கையாளரை மறக்காமல் நினைவில் வைத்திருக்கும் வசதி.”

ஆரணி திரையைப் பார்க்கவில்லை. அவள் தலைவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூசைதாசன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. செபம் முடித்த பரவசம் முகத்தில் இருந்தது. ஆனால் அந்த ‘டிக்’ கேட்டதும் அவருடைய வலது கை, அவரிடம் கேட்காமலே, சேர்ட் பைக்குள் போனது. நாலாக மடித்த ஒரு பொலித்தீன் பையை எடுத்தது. ஒரு உதறு உதறி விரித்தது. இரண்டு கால்களும் கதவை நோக்கி நடந்தன. இடது கை கதவைத் தள்ளியது. குளிர்புகை முகத்தில் அடித்த பிறகுதான் தலைவர் கண்ணைத் திறந்தார்.

ஐஸ் அறை வாசலில், விரித்த பொலித்தீன் பையோடு, எல்லோர் முன்னிலையிலும் நின்றார்.

காகமும் வாயை மூடியது.

“காத்து வாங்க வந்தனீங்களோ, ஐயா?” என்றாள் ஆரணி.

“இது… ஒரு பழக்கத்திலை…”

“பன்னிரண்டு நாளிலை நல்லாப் பழகியிருக்குது.”

ஜெசிதா மீன்பெட்டியை நிலத்தில் போட்டாள். அந்தச் சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். “தலைவர் அண்ணை! நீங்களோ? நீங்களோ எடுத்தனீங்கள்?”

“நான் எடுக்கேல்லைப் பிள்ளை!” சூசைதாசனின் குரல் உடைந்தது. “எனக்குத் தரப்பட்டது! கேள், ஜெசிதா. மருத்துவர் எனக்கு இறைச்சியை நிப்பாட்டிப்போட்டார். ‘ஆண்டவரே, இனி நான் என்னத்தைச் சாப்பிடுறது’ எண்டு பன்னிரண்டு மணிச் செபத்திலை மன்றாடினன். ஆமென் எண்டு சொல்லி முடிய, என்ரை கண் முன்னாலை, ஒருத்தரும் தொடாமல், உந்தக் கதவு திறந்தது. நேரை முன்னுக்கு விளைமீன் பெட்டி. அடுத்த நாளும் மன்றாடினன். அடுத்த நாளும் திறந்தது. நான் என்னெண்டு நினைக்கிறது? ஆண்டவர் செய்த புதுமை எண்டுதான் நினைச்சன்!”

“திரையிலை என்ரை பேர் கிடந்ததே. அதையும் புதுமை எண்டோ நினைச்சனீங்கள்?”

“கண்ணாடி போடேல்லை.”

“பதிவிலை என்ரை பேர் வந்து, என்னைக் கள்ளி எண்டு சொன்ன நேரம்?”

சூசைதாசன் பொலித்தீன் பையைக் கவனமாக நாலாக மடித்தார். “நான் எடுத்தது புதுமை மீன். களவு போனது சங்கத்து மீன். ரெண்டும் ஒரே மீன் எண்டு ஆர் கண்டது?”

அருளம்பலம் ஒரு அடி முன்னே வந்தார். இந்த இடத்தில் துப்பறிவாளர் ஏதாவது சொல்லவேண்டும் என்பது விதி. “திரு. சூசைதாசன்,” என்றார் கனமான குரலில். “விலாசம் கிடைச்சிட்டுது.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் சொன்ன தோரணை நன்றாக இருந்தது.

*

மூன்று மணிக்கு நிர்வாகசபை கூடியது. அருளம்பலமும் ஆரணியும் பின்வரிசை வாங்கில் இருந்தார்கள். கேதீஸ்வரன் முன்வரிசையில், இந்தச் சம்பவத்துக்குத் தன் நிறுவனத்தின் பெயரைச் சம்பந்தப்படுத்த வேண்டாம் என்று கேட்டு எழுதிய மூன்று பக்கக் கடிதத்தோடு இருந்தார். கடிதத்தின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

ஜெசிதாமீது குற்றமில்லை என்ற தீர்மானம் இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. பூட்டின் மூளைப் பெட்டியை வெளியே எடுப்பது, பூட்டுக்குத் தனி வயர் இழுப்பது, ஒப்பிட்டு முடிந்ததும் கைரேகையைத் துடைத்துவிடும்படி கேதீஸ்வரன் திருத்திக் கொடுப்பது, அதுவரை கதவுக்கு ஒரு சாதாரண ஆமைப்பூட்டுப் போடுவது எல்லாம் இன்னொரு ஐந்து நிமிடம். மிச்சம் ஒன்றேகால் மணித்தியாலமும் தலைவரின் பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் போனது.

“மீன் ‘தொழில்நுட்பக் கோளாறினால் குறைவடைந்தது’ எண்டு எழுதுவம்,” என்றார் பொருளாளர்.

“தொழில்நுட்பம் மீன் தின்னாது,” என்றார் கேதீஸ்வரன் பதறி.

“சரி, ‘தெய்வ சித்தத்தினால்’ எண்டு எழுதுவம்.”

“பாதர் வாசிப்பார்,” என்றார் சூசைதாசன் இன்னும் பதறி.

“என்னத்தையாவது எழுதத்தானே வேணும்? எழுது பிள்ளை,” என்றார் பொருளாளர், மேசையின் மூலையைப் பார்த்து.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒரு விசயம் உறைத்தது. விடிவெள்ளிச் சங்கத்தில் ஒழுங்கான கையெழுத்து உள்ளவர் ஒருவர்தான். கூட்டக் குறிப்பை எழுதுவது பதினெட்டு வருடமாக ஜெசிதா.

ஜெசிதா நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தாள். இடையில் ஒருதடவை மட்டும் தலைவரைப் பார்த்து, “கடைசியா எடுத்தது எந்த நாள், அண்ணை?” என்று கேட்டாள். சூசைதாசன் ஏதோ முணுமுணுத்தார். அதையும் எழுதினாள். முடிந்ததும் கொப்பியைத் திருப்பி, பேனையை மேலே வைத்து, அவர் முன்னால் தள்ளினாள். தலைவர் கையொப்பமிடாத குறிப்பு செல்லாது. கையொப்பமிடாவிட்டால் ஜெசிதா குற்றமற்றவள் என்ற தீர்மானமும் செல்லாது. இறங்குதுறையிலிருந்து வந்த ஐம்பது பேரும் யன்னலுக்கு வெளியே அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சூசைதாசன் கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். காது சிவந்தது. கையொப்பமிட்டார்.

ஆரணி எழுந்து எட்டிப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. கடைசிப் பந்தி இதுதான்:

பெட்டியிலிருந்த பதினொரு விளைமீனையும் தலைவர் அவர்கள் பதினொரு நாளில் எடுத்துச் சென்றார். பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை கதவு திறந்தபோது விளைமீன் முடிந்திருந்தது. ஏற்றுமதி இறாலைத் தவிர, மலிவான சூடை மீன் மட்டுமே இருந்தது. அன்று பின்னேரம் தலைவர் அவர்கள் களவு முறைப்பாடு செய்தார்.